பழைய ஆம்ப்ளிஃபயரில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போனால்: அறிகுறி வாரியாகப் பழுது நீக்கும் வழி

போன சித்திரையில் காரிமங்கலம் பக்கமிருந்து மைக் செட் வைத்திருப்பவர் ஒருவர் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு பொட்டலம். அதற்குள் நான்கு டிரான்சிஸ்டர்கள். "அண்ணா, நம்பரெல்லாம் பார்த்து வாங்கிவிட்டேன். நீங்கள் மாட்டிக் கொடுத்தால் போதும்" என்றார். நம்பர் சரியாகத்தான் இருந்தது. ஏற்கெனவே அதே நம்பரில் இரண்டு முறை மாட்டி, இரண்டு முறையும் புகைந்துவிட்டது என்பதை டீ குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்.

உற்பத்தி நின்றுபோன டிரான்சிஸ்டருக்கு ஈடு எது என்று சொல்வதற்கு முன் எனக்கு இரண்டு விவரம் தெரிய வேண்டும். இருந்ததைக் கொன்றது எது? புதிதாக வருவதற்கு அந்த போர்டு ஒத்துப்போகுமா? கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டைச் சுற்றியே இருக்கும். தர்மபுரியில் என் மேசைக்கு செட்டுகள் என்னென்ன அறிகுறியோடு வருகின்றனவோ, ஏறக்குறைய அந்த வரிசையில் சொல்கிறேன்.

திறப்பதற்கு முன்

சீரிஸ் பல்பு ஒன்று கட்டாயம் வேண்டும். மெயின் ஒயரின் ஃபேஸ் கம்பியை வெட்டி, நடுவே 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைச் சேர்த்தால் முடிந்தது. இழை உள்ள பழைய பல்புதான் ஆகும். எல்இடி பல்பு, இழை செய்வதுபோல் மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்தாது. எங்கள் பக்கம் குண்டு பல்பு இப்போது கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டும் சாமான்கள் விற்கும் கடைகளில்தான் தேடினால் கிடைக்கிறது. நான் நான்கைந்து வாங்கி வைத்திருக்கிறேன்.

சுவிட்ச் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம். முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட்.

பெட்டியைத் திறந்ததும் பவர் சப்ளையின் பெரிய கண்டென்சர்களைக் காலி செய்யுங்கள். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இரு முனைகளிலும் பத்து விநாடி பிடித்தால் 10,000 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரும் அடங்கிவிடும். மீட்டர் வைத்து ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்குரூ டிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்யும் வீரம் நம் ஊரில் பலருக்கு உண்டு. கண்டென்சருக்கு அது நல்லதில்லை, கண்ணுக்கும் நல்லதில்லை.

அறிகுறி: சுவிட்ச் போட்டதும் ஃபியூஸ் போகிறது

ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டரை உடனே கழற்றாதீர்கள். பவர் சப்ளையிலிருந்து ஆம்ப்ளிஃபயர் போர்டுக்குப் போகும் ப்ளஸ், மைனஸ் ஒயர்களைப் பிரித்துவிட்டு சீரிஸ் பல்பில் போட்டுப் பாருங்கள். பல்பு அப்போதும் முழுதாய் எரிந்தால் குற்றம் பிரிட்ஜ் டயோடிலோ, கண்டென்சரிலோ, டிரான்ஸ்ஃபார்மரிலோ இருக்கிறது. மங்கினால் போர்டுக்கு வரலாம்.

டிரான்சிஸ்டருக்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று முனைகள். போர்டில் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொரு அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். உலோகத் தொப்பி போட்ட டிஓ-3 வகையில் உடம்பே கலெக்டர் என்பது நினைவிருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று டிரான்சிஸ்டர்கள் இணையாக இருந்தால், ஒன்று போனாலும் எல்லாம் போனது போலக் காட்டும். ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் அளக்க வேண்டும். நல்ல சிலிக்கான் டிரான்சிஸ்டர் பேஸிலிருந்து எமிட்டருக்கும் கலெக்டருக்கும் 0.5 முதல் 0.7 வரை காட்டும். கலெக்டர், எமிட்டர் இடையே எந்தத் திசையிலும் ஒன்றும் காட்டாது.

வெந்ததைக் கண்டுபிடித்தது பாதி வேலைதான். அவுட்புட் ஷார்ட் ஆகும்போது அக்கம்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு போகும். 0.22, 0.33 அல்லது 0.47 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் வெள்ளைச் சிமெண்டுக் கட்டியாக, ஒன்றும் ஆகாதது போல் உட்கார்ந்திருக்கும், உள்ளே அறுந்திருக்கும். அவுட்புட்டை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்களும் பெரும்பாலும் போயிருக்கும். நம் நாட்டில் கட்டிய செட்டுகளில் அங்கே எஸ்எல்100, எஸ்கே100 இருக்கும், அல்லது பிடி139, பிடி140. பேஸுக்குப் போகும் சின்ன ரெசிஸ்டர்களையும் விடாதீர்கள். ஸ்டீரியோ செட்டாக இருந்தால் உங்களுக்கு யோகம். நன்றாகப் பாடும் மறு சேனல் பக்கத்திலேயே வரைபடம் போல இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டையும் ஒப்பிட்டு அளந்தால் சர்க்யூட் தாளே தேவைப்படாது.

கடைசியாக, டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினிய ஹீட் சிங்க்கில் ஒட்டியோ, அதன் துளையில் செருகியோ இருக்கும் சின்ன டயோடு அல்லது டிரான்சிஸ்டர். பாட்டு இல்லாதபோதும் அவுட்புட்டில் ஓடவிடும் சிறு மின்னோட்டம்தான் பயாஸ். சூட்டை உணர்ந்து அதைக் குறைப்பது இதன் வேலை. அது அறுந்துபோனால் பயாஸ் எகிறி, எவ்வளவு நல்ல டிரான்சிஸ்டர் மாட்டினாலும் நிமிடத்தில் போய்விடும். பயாஸைக் கூட்டிக் குறைக்கத் திருகும் சின்ன ரெசிஸ்டரான பிரிசெட்டின் உள்ளே தூசி ஏறித் தொடர்பு விட்டுப்போனாலும் சில வடிவமைப்புகளில் இதே கதிதான். முப்பது நாற்பது ஆண்டு பழைய பிரிசெட்டை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

மாற்று எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது

மாற்று எண் அட்டவணைகளில் வோல்ட், ஆம்பியர், வாட் என்று மூன்று எண்கள் இருக்கும். மூன்றையும் அப்படியே நம்பினால் காசு போகும்.

வோல்ட்டிலிருந்து தொடங்குவோம். 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் தர வேண்டுமானால் உச்சத்தில் 28 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். இழப்புகளைச் சேர்த்தால் சப்ளை ப்ளஸ் 35, மைனஸ் 35 என்று வரும். ஒரு டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கும்போது எதிரில் மூடிக்கிடக்கும் டிரான்சிஸ்டரின் மேல் கிட்டத்தட்ட 70 வோல்ட் விழும். 2என்3055 தாங்குவது 60 வோல்ட். அந்தப் பேர் தெரியும் என்பதற்காகவே அதை எல்லா இடத்திலும் மாட்டுகிறார்கள்! இன்னொன்று: கிராமத்து லைனில் மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் படுத்துக்கிடக்கும், எல்லாம் நின்ற பிறகு நள்ளிரவில் 250 வரை ஏறும். 220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் அந்த 35 அப்போது 40 ஆகிவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து 80. ஆகவே சப்ளையின் மொத்த வோல்ட்டைவிடக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தாங்கும் டிரான்சிஸ்டரைத்தான் நான் வாங்குவேன்.

வாட் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 2என்3055-க்கு 115 வாட் என்றும், பிளாஸ்டிக் உடம்புள்ள 2எஸ்சி5200-க்கு 150 வாட் என்றும் போட்டிருப்பார்கள். இரண்டுமே உடம்பு 25 டிகிரியில் இருந்தால் வரும் கணக்கு. நம் ஊரில் வைகாசி மதியம் அறையே 38 டிகிரி. ஓடுகிற ஹீட் சிங்க்கின் மேல் டிரான்சிஸ்டரின் உடம்பு 80 டிகிரியை எளிதாகத் தொடும். உலோகத் தொப்பி வகை உள்ளே 200 டிகிரி வரை தாங்கும். பிளாஸ்டிக் 150 தான். 80 டிகிரியில் கணக்குப் போட்டால் 2என்3055 சுமார் 79 வாட், 2எஸ்சி5200 சுமார் 84 வாட். காகிதத்தில் 35 வாட் இருந்த வித்தியாசம் வெயிலில் 5 வாட்டாகச் சுருங்கிவிட்டது. அதே 80 டிகிரியில் உலோகத் தொப்பியுள்ள எம்ஜே15003 சுமார் 171 வாட் தாங்கும். பழைய துளைகளிலேயே உட்காரும் என்பதால் தொப்பி வகைக்கு முடிந்தவரை தொப்பி வகையே வாங்குகிறேன்.

வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் எவ்வளவு தாங்கும் என்பது வேறு கணக்கு. 15 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 50 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்று பொருளில்லை. எம்ஜே15003 ஒரு விநாடிக்கு 50 வோல்ட்டில் 5 ஆம்பியர் தாங்கும். எம்ஜே21194 80 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் தாங்கும். டேட்டா ஷீட்டில் சரிவுக் கோடுகளாக வரைந்திருக்கும் இந்தப் படத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கனமான ஸ்பீக்கரில் உயிர் போவதும் பிழைப்பதும் அங்கேதான் இருக்கிறது.

நான்காவது வேகம். அட்டவணைகள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதுதான். 1960களில் வந்த முதல் தலைமுறை 2என்3055-இன் வேகம் 0.8 மெகாஹெர்ட்ஸ். பின்னால் அதே பெயரில், எபிடாக்சியல் என்ற வேறு தயாரிப்பு முறையில் வந்த வகைக்கு 2.5. 2எஸ்சி5200-க்கு 30. மாட்டு வண்டிக்கு அளவெடுத்துப் போட்ட பாதையில் பஸ்ஸை விட்டால் என்ன ஆகுமோ, மெதுவான டிரான்சிஸ்டருக்காக வடிவமைத்த போர்டில் வேகமானதை மாட்டினால் அது ஆகும். அதன் அறிகுறியைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இனி என் மேசையில் நடைமுறையில் நான் போடுவது. சப்ளை மொத்தம் 45 வோல்ட்டுக்குள் இருக்கும் செட்டுக்கு நல்ல 2என்3055, அதன் ஜோடி எம்ஜே2955 போதும். அதற்கு மேல், 100 வோல்ட் வரை, எம்ஜே15003, எம்ஜே15004. இன்னும் உயர்ந்த வோல்ட் கொண்ட ஜப்பான் தொப்பி வகை 2எஸ்டி424, 2எஸ்பி554 போன்றவற்றுக்கு எம்ஜே21194, எம்ஜே21193. நின்றுபோன 2எஸ்சி3281, 2எஸ்ஏ1302 ஜோடிக்கு எம்ஜேஎல்3281ஏ, எம்ஜேஎல்1302ஏ. நம் ஊர் அசெம்பிள் செட்டுகளின் செல்லப்பிள்ளைகளான டி718, பி688-க்கு என்ஜேடபிள்யூ0281ஜி, என்ஜேடபிள்யூ0302ஜி. கால் வரிசை அதேதான். ஜப்பான் எண்களில் முன்னே வரும் "2எஸ்" உடம்பில் அச்சிடப்படாது. டி718 என்றால் 2எஸ்டி718. ஏ, பி வந்தால் பிஎன்பி, சி, டி வந்தால் என்பிஎன்; மின்னோட்டத் திசையில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வகைகள் இவை.

ஒரு சேனலில் ஒன்று மட்டும் போயிருந்தாலும் அந்தச் சேனலின் எல்லா அவுட்புட்டையும் ஒரே சரக்கில் மாற்றுவதே சரி.

அறிகுறி: கீழே இருப்பது மட்டும் திரும்பத் திரும்பப் போகிறது

பழைய செட்டுகள் பலவற்றில் மேலே ப்ளஸ் பக்கம் இருப்பதும் கீழே மைனஸ் பக்கம் இருப்பதும் இரண்டுமே என்பிஎன். நல்ல பிஎன்பி பவர் டிரான்சிஸ்டர் கிடைக்காத காலத்து ஏற்பாடு அது. "ஜோடி என்றால் ஒன்று 3055, மற்றது 2955" என்று மனப்பாடம் செய்தவர் யாராவது கீழே எம்ஜே2955-ஐ மாட்டியிருப்பார். கழற்றும் முன் இரண்டின் எண்ணையும் எழுதி வையுங்கள். எண் அழிந்திருந்தால் மறு சேனலைப் பாருங்கள்.

அறிகுறி: மெல்லிய சத்தத்தில் கரகரப்பு, ஏற்றினால் சரியாகிறது

டிரான்சிஸ்டர் மாற்றிய பிறகு பயாஸ் வைக்கவில்லை. ஸ்பீக்கரைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, பிரிசெட்டைக் குறைந்தபட்ச பயாஸுக்குத் திருப்பிவிட்டுத் தொடங்குங்கள். முதலில் சீரிஸ் பல்போடு போட்டு நிதானம் பார்த்தபின் பல்பை எடுத்துவிட வேண்டும். பல்பு இருக்கும்போது வைக்கும் பயாஸ் பொய். எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளில் மீட்டரை மில்லி வோல்ட்டில் வையுங்கள். 0.33 ஓமில் 10 மில்லி வோல்ட் என்றால் 30 மில்லி ஆம்பியர். கம்பெனி தந்த அளவு தெரிந்தால் அதையே வையுங்கள், தெரியாவிட்டால் இங்கிருந்து தொடங்கலாம். இருபது நிமிடம் ஓடவிட்டு மறுபடி சரிசெய்யுங்கள். ஓசூர்க் குளிரில் மார்கழிக் காலையில் வைத்த பயாஸ் சித்திரையில் எங்கே போய் நிற்கும் என்று யோசித்து, சந்தேகம் இருந்தால் கொஞ்சம் குறைவாகவே விடுங்கள்.

ஒற்றை சப்ளை செட்டில் கரகரப்போடு தாழ்ந்த ஸ்தாயி ஒலியும் மெலிந்திருந்தால் ஸ்பீக்கருக்குப் போகும் பெரிய கண்டென்சர் காய்ந்திருக்கிறது. டிரான்சிஸ்டருக்கு அதில் பங்கில்லை.

அறிகுறி: பாட்டே இல்லை, ஆனால் கை வைக்க முடியாத சூடு

பயாஸைக் குறைத்துப் பாருங்கள். மில்லி வோல்ட் ஒழுங்காக இறங்கி, சூடும் தணிந்தால் அதோடு முடிந்தது. மீட்டர் நிலையில்லாமல் அலைந்தால், அல்லது பயாஸைக் குறைத்தும் சூடு தணியாவிட்டால், போர்டு காதுக்குக் கேட்காத அலைவரிசையில் ஊளையிடுகிறது. வேகமான டிரான்சிஸ்டரை மாட்டியதற்கான கூலி இது. ஸ்பீக்கர் முனையருகே 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரும் வரிசையாக இருக்கும். அந்த 10 ஓம் கருத்திருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். ஆசிலோஸ்கோப் இல்லாதவர்கள் பழைய மீடியம் வேவ் ரேடியோவைப் பக்கத்தில் வைத்து முள்ளை நகர்த்திப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்ததும் மறையும் இரைச்சல் ஏதாவது இடத்தில் கேட்டால் கிட்டத்தட்ட உறுதி.

தீர்வு: ஒவ்வொரு பேஸ் காலிலும், கால் ஒட்டினாற்போல், 2.2 முதல் 4.7 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர். டிரான்சிஸ்டருக்குப் போகும் ஒயர்களை வெட்டிக் குட்டையாக்குங்கள். கருத்த 10 ஓமை மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் போர்டோடு சண்டை போடாமல் எம்ஜே15003 போன்ற மெதுவான வகைக்குத் திரும்பிவிடுங்கள். இதற்கு நேரெதிரும் உண்டு. வேகமான ஜப்பான் டிரான்சிஸ்டருக்காக வடிவமைத்த எண்பதுகளின் செட்டில் மெதுவானதைப் போட்டால் உயர் ஸ்தாயியில் ஒலி மங்கும், சூடும் ஏறும்.

ஹிட்டாச்சியின் 2எஸ்கே134, 2எஸ்ஜே49 என்ற மாஸ்ஃபெட் (வேறு வகை டிரான்சிஸ்டர்; இதன் முனைகள் கேட், டிரெயின், சோர்ஸ்) இருக்கும் செட்டில் விளையாட வேண்டாம். அவற்றின் தொப்பி சோர்ஸ் முனை. கடையில் கிடைக்கும் சாதாரண மாஸ்ஃபெட்டின் தொப்பி டிரெயின். துளை பொருந்தும், சர்க்யூட் பொருந்தாது.

அறிகுறி: ரிலே "டக்" என்று சொல்லவில்லை, அல்லது ஸ்பீக்கர் கோன் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கிறது

ஸ்பீக்கரைக் காக்கும் ரிலே இணைக்க மறுக்கிறது, அல்லது கோன் தள்ளுகிறது என்றால் வெளியே டிசி வருகிறது. ஸ்பீக்கரை உடனே பிரியுங்கள். ஸ்பீக்கர் முனையில் 50 மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். முழு சப்ளை வோல்ட் நின்றால் அந்தப் பக்க அவுட்புட் ஷார்ட், அல்லது எதிர்ப்பக்க எமிட்டர் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது. ஓரிரு வோல்ட் என்றால் அவுட்புட்டை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் ஜோடியையும் அதைச் சுற்றிய காய்ந்த கண்டென்சர்களையும் பாருங்கள். ரிலேயைக் கம்பி போட்டு நேராக இணைத்து "சரியாகிவிட்டது" என்று கொடுத்தனுப்பிய செட் ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்காரர் ஒருவருடையது. இரண்டு வூஃபர்களும் கரிந்திருந்தன.

அறிகுறி: ஒரு மணி நேரம் நன்றாகப் பாடிவிட்டு மறுபடி போகிறது

காரிமங்கலத்துக்காரரின் நோய் இதுதான். அதில் மூன்று கைகள் சேர்ந்திருந்தன.

முதலாவது, முன்பு கழற்றியவர் சூடு உணரும் டயோடைத் திரும்ப ஹீட் சிங்க்கில் வைக்காமல் அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். டிரான்சிஸ்டர் சூடாக ஆகப் பயாஸ் ஏறும், ஏற ஏற இன்னும் சூடாகும், இறக்கிவிட ஆளில்லை. பேஸ்ட் தடவி அதன் துளையில் செருகியதும் அது அடங்கியது.

இரண்டாவது, பிளாஸ்டிக் டிரான்சிஸ்டரைப் பழைய தொப்பி வகையின் துளைகளுக்கு மேலேயே திருகியிருந்தார்கள். உடம்பின் அடியில் பாதி இடம் வெறும் ஓட்டை. 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்றை இடையில் போட்டு, பிசிறு நீக்கி, மைக்காவும் பேஸ்ட்டும் வைத்து மாட்டினேன். பிசிறு மைக்காவைக் குத்திவிடும். ஆகவே மாட்டியபின் கலெக்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மீட்டர் ஒன்றும் காட்டக்கூடாது. பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும், தோசைக்கு நெய் போல.

மூன்றாவது, திருவிழாவில் ஒரு சேனலுக்கு நான்கு 8 ஓம் பெட்டிகளை இணையாகக் கொடுத்திருக்கிறார். அது 2 ஓம். எந்த மாற்று எண்ணாலும் இதைத் தாங்க முடியாது. ஒரு சேனலுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், அதுவும் செட் 4 ஓமைத் தாங்கும் என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தால் மட்டும் என்று சொல்லி அனுப்பினேன். கேட்டாரா என்பது ஆடிப்பெருக்கு முடிந்தால் தெரியும்.

அவர் கொண்டுவந்த பொட்டலத்துக்கு வருவோம். நான்கும் ஜப்பான் எண்கள், பளபளப்பான அச்சு, உற்பத்தி நின்று பல ஆண்டு ஆன வகை. "புதிதாக வந்த சரக்கு" என்று விற்றிருக்கிறார்கள். ஒன்றை அவர் அனுமதியோடு இடுக்கியால் உடைத்துக் காட்டினேன். உள்ளே சிலிக்கான் துண்டு நெல்மணி அளவுக்குக்கூட இல்லை. உடைக்காமல் பார்க்கவும் வழி உண்டு: கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையிலான கெப்பாசிடன்ஸை, நம்பகமான ஒரு அசலோடு ஒப்பிட்டு அளங்கள். பெரிய துண்டுக்கு அதிகம், சின்னதுக்குப் பாதியும் வராது. நான் வாங்குவது ஓசூர் தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோட்டில், பில் தருகிற கடையில், இன்னும் உற்பத்தியில் இருக்கும் எண்ணாகப் பார்த்து. நின்றுபோன எண்ணை யார் புதிதென்று நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

ஜெர்மானியம் செட்

எண் "ஏ"யில் தொடங்கும் ஐரோப்பிய வகை, ஏடி149, ஏடி161, ஏடி162 போன்றவை ஜெர்மானியம். மீட்டரில் 0.1 முதல் 0.3 வரைதான் காட்டும். கொஞ்சம் கசிவும் தெரியும். அது பழுதில்லை. உள்ளே சுமார் 90 முதல் 100 டிகிரிதான் தாங்கும் என்பதால் நம் வெயிலுக்கு இவை பிறக்கவேயில்லை. சிலிக்கானை அப்படியே மாட்டினால் பேஸ் வோல்ட் பத்தாமல் கரகரக்கும். பயாஸ் பகுதியையே மாற்றிக் கட்ட வேண்டும். பல செட்டுகளில் ப்ளஸ் முனை சேஸிஸில் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சேனலாவது உயிரோடு இருந்தால், காற்றோட்டம் கொடுத்து அப்படியே பாட விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எந்த செட்டானாலும், மூடும் முன் மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதிவிடுகிறேன்: மாட்டிய எண், பயாஸ் எத்தனை மில்லி வோல்ட், எந்த மாதம், சேர்த்த ரெசிஸ்டர் எது. காரிமங்கலத்து செட்டில் "டயோடு துளைக்குள்" என்று கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.